ஒத்தையா ரெட்டையா

என் வீட்டுக்காரருக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. லிப்ட் கம்பெனியில் அவர் ‘சீனியர்’. என் பிறந்த வீட்டில் ‘மாப்பிள்ளை’. எனக்குக் கோபம் வந்தால் ‘இந்த மனுஷன்’. பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ‘காது’. இதில் அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்கவே வேண்டாம். கடைத்தெருவில் யாராவது “காதண்ணே!” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டால் போதும், காய்கறிப் பையை என் கையில் திணித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். நான் வெயிலில் காய வேண்டும்.

பெயர் சும்மா வந்ததில்லை. மற்றவர்கள் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைப்பதற்குள் இவர் தலையை லேசாகச் சாய்த்து, “வலது பக்கம், அந்தச் சாய்ஞ்ச மரம், உச்சிக் கிளை” என்பார். அது அங்கேதான் இருக்கும். கல்யாணமான புதிதில் இவர் என்னை முதன்முதலாக வெளியே கூட்டிப்போனது சினிமாவுக்கு இல்லை, கடற்கரைக்கு இல்லை. கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்தின் குட்டைக்கு. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, நாணலுக்குள் கத்துகிற ஒவ்வொன்றையும் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிற மாதிரி பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வந்து மாட்டினேன் என்று நொந்துகொண்டேன். ஆனாலும் குருவியை இவ்வளவு கவனமாகக் கேட்கிறவர் பெண்டாட்டி பேச்சையும் கேட்பார் என்று ஒரு நப்பாசை. அது பாதிதான் பலித்தது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்தால், என்ன பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்று போடுவார்கள். உடனே யாரும் கிளம்பிவிட மாட்டார்கள். கீழே இவர் ‘உறுதி’ என்று ஒரு வார்த்தை போட வேண்டும். போட்டாரோ இல்லையோ, பக்கத்து ஊர், அடுத்த மாவட்டம் என்று எல்லா இடத்திலும் வண்டிகள் கிளம்பும். ஆபீசுக்கு வயிற்றுவலி என்று லீவு சொல்வார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அது இவரே கொண்டுவந்தது. பறவை இருக்கிற இடத்தில் அதன் குரலைச் செல்போனில் போட்டு அதை வெளியே வரவழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அந்தச் சின்ன உயிர் தீனி தின்பதை விட்டுவிட்டு அலைந்து சாகும் என்பார். அதைச் சொல்லும்போது குரலே கடுமையாகிவிடும்.

என் வேலை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவது. நாள் முழுக்க பீப், பீப், பீப். கண் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கும், வாய் “பை வேணுமா சார்?” என்று கேட்கும், காது மட்டும் மெஷினிடம் இருக்கும். ஒரு சோப்பு தவறி இரண்டு தடவை பதிந்துவிட்டால் திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஒரு பீப்புக்கும் ஒட்டி வருகிற இரண்டு பீப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் என் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. இதை ஒரு பெருமையாக நான் நினைத்ததே இல்லை.

சங்கதி எனக்குத் தெரியவந்தது ஒரு காய்ச்சலில். இவருக்கு உடம்பு கொதித்தது. பேட்டரி போட்ட தெர்மாமீட்டரை வாயில் வைத்து, “சத்தம் வந்ததும் எடுத்துப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால், வாயில் குச்சியோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சின்னப் பையனைத் தண்டித்து மூலையில் உட்கார வைத்தது போல இருந்தது.

“இன்னும் எடுக்கலையா?”

“ம்ம்ம்” என்று தலையை ஆட்டினார். சத்தம் வரவில்லையாம்.

பேட்டரி போய்விட்டதோ என்று எடுத்து என் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது ‘பிப்பிப் பிப்பிப்’ என்று கத்தியது. அறையே கேட்கிற மாதிரி கத்தியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன, வேலை செய்யலையா?” என்றார். “ஆமாங்க, கெட்டுப்போச்சு” என்று பொய் சொல்லி அதை டிராயரில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. வாஷிங் மெஷின் முடிந்து கூவிக்கொண்டே இருக்கும், மனுஷன் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மகள் போன் செய்தால், “கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ பேச்சு முணுமுணுப்பாயிடுச்சு” என்று குறை சொல்வார். ஆனால் வாசலில் லாரி வந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஆந்தையும் காக்கையும் தெரியும். நான் திட்டினால் நன்றாகவே தெரியும். கீச்சென்று மெலிசாக வருகிறது எதுவோ, அது மட்டும் அவரை விட்டுப் போயிருந்தது. வருஷக்கணக்காக மோட்டார் ரூமில், பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதே கேட்காத இரைச்சலில் வேலை. காதுக்கு மூடி கொடுத்தால் கழற்றி எறிந்துவிடுவார். “அத மாட்டிக்கிட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று வியாக்கியானம் வேறு.

அப்படியானால் குழுவில் எப்படிச் சமாளிக்கிறார்? ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தேன். யாரோ ஒரு குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். இவர் அதைக் கேட்கவில்லை. சத்தத்தைப் படமாக வரைந்து காட்டுகிற ஏதோ ஒரு செயலியில் போட்டு, அந்தக் கோடுகளை மூக்குக் கண்ணாடியோடு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பாம்புக் காது என்று கொண்டாடுகிற ஆள் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் போடாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

குருவி கேட்காவிட்டால் போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் முதலில் இருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது இவருடைய கூட்டாளி. இவரோடு ஜோடியாக லிப்ட் வேலைக்குப் போகிறவர், வாய் நிறைய ‘அண்ணி’ என்று கூப்பிடுகிறவர். ஒரு சாயங்காலம் டூல் பையைக் கொடுக்க வந்தவர் தேநீரைக் குடித்துக்கொண்டே வேடிக்கைபோலச் சொன்னார்.

“அண்ணி, அண்ணனுக்கு வேலை நேரத்துலயும் குருவி நினைப்புதான். நேத்து லிப்ட் கூண்டு மேல நின்னுட்டு இருக்கோம். நகரப்போகுதுன்னு பஸ்ஸர் கீய் கீய்னு அடிக்குது. இவர் பாட்டுக்குக் கைய வெளிய நீட்டி ஏதோ துடைச்சிட்டு இருக்காரு. நான் சட்டையப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன் பாருங்க!”

“இழுக்கலைன்னா?” என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அத ஏன் இப்ப கேக்குறீங்க அண்ணி” என்றார். சிரிப்பு போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பில் போடும்போது ஒவ்வொரு பீப்பிலும் அந்தக் கூண்டு நகர்ந்தது. கடையில் என் போன் அடித்தால் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு எடுப்பேன். கம்பெனி நம்பரா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் எந்த வேலையும் ஓடாது. வந்த பிறகு அவரைப் பார்த்தாலே எரிச்சல் பொங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

“உங்களுக்குக் காது கேக்கல. எனக்குத் தெரியும்.”

“யார் சொன்னா? நீ சொல்றது கேக்குதே.”

“நான் கத்துறேன், அதனால கேக்குது. பஸ்ஸர் கேக்கலையே! டாக்டர்கிட்ட வாங்க. கம்பெனில சொல்லுங்க. ஒரு மிஷின் வச்சா சரியாயிடும். இல்லன்னா கீழ உக்காந்து பாக்குற வேலை கேளுங்க.”

அவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “வேலையப் பத்தி இல்ல” என்றார் கடைசியில். “கம்பெனில சொன்னா குரூப்புக்குத் தெரிஞ்சுடும். நம்ம குரூப்புல இருக்காரே பல் டாக்டர், அவர் கிளினிக் லிப்ட நான்தானே பாக்குறேன். ஒருத்தருக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியும். வேலை போனா வேற வேலை. இது போனா நான் யாரு?”

“எனக்குப் புருஷன்!” என்று கத்தினேன். “அது போதாதா உங்களுக்கு? கூண்டு மேல நசுங்கிச் சாகுறதுக்கு ஒரு பட்டப்பேரு கேடா?”

அவர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இந்த சீசன் முடியட்டும், குளிர்காலப் பறவைகள் எல்லாம் திரும்பிப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சாயங்காலம் இறங்கி வந்தார். சீசன் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அவர் கூண்டு மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் டைம் கீப்பரம்மாவின் செய்தி வந்தது.

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எது தாமதம் என்று பார்த்துப் பார்த்து வாழ்கிறவர். பணி ஓய்வுக்குக் கிட்டத்தில் வந்த பிறகு இந்தப் பைத்தியம் பிடித்தது. குழுவில் சேர்ந்ததிலிருந்து காக்கை, மைனா, புறா தவிர வேறு எதையும் அவர் பார்த்ததாக நினைவில்லை. அதைக் கூட ஒழுங்காகப் படம் எடுத்துப் போடுவார். மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவர், டிப்போவுக்குப் பின்னால் ஒதுக்கிப்போட்ட பழைய பஸ்களுக்கு மேல் கவிந்து கிடக்கிற மரத்தில் ஒரு சின்னப் பச்சைக் கதிர்க்குருவியைப் பார்த்திருக்கிறார். ‘ரெட்டையாக இருக்குமோ என்று சந்தேகம், காதண்ணன் வந்து சொல்லவும்’ என்று போட்டிருந்தார்.

இந்த ஒத்தை, ரெட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவற்றின் நீளமான பெயர்கள் என் வாயில் நுழையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அச்சில் வார்த்தது போல. ஒன்று ‘ட்சிக்’ என்று ஒரே தடவை விட்டுவிட்டுக் கத்தும். அது வருஷா வருஷம் வருகிறது. குழுவில் அதற்கு ‘ஒத்தை’ என்று பெயர். இன்னொன்று ‘ட்சி-விட்’ என்று இரண்டாக ஒட்டிக் கத்தும். அதுதான் ‘ரெட்டை’. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கண்டதில்லை. இவர் ஒருவர்தான், எத்தனையோ வருஷம் முன்னால், தொலைவில் ஒரு மலைக்காட்டுக்குப் போய் அதன் குரலைப் பதிவு செய்துகொண்டு வந்தவர். குழுவில் எல்லாருடைய போனிலும் இருப்பது அந்தப் பதிவுதான். மூன்று தடவை ரெட்டை கத்தும். முடிகிற இடத்தில் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். “அந்த நாய் மட்டும் குறுக்க வரலைன்னா அருமையான பதிவு” என்று இவர் சொல்லாத நாளில்லை.

கண்ணால் பார்த்து ஒன்றும் ஆகாது, படம் எடுத்தாலும் ஆகாது. காது வேண்டும். எல்லாரும் இவரைக் கூப்பிட்டார்கள். போன் மேல் போன். இவர் முகம் வெளுத்துப்போய், நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

“நீ கூட வர்றியா?” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. “வர்றேன். ஆனா திங்கக்கிழமை நீங்க காது டாக்டர்கிட்ட வரணும். அதுவரைக்கும் கூண்டு மேல ஏறக் கூடாது. சம்மதம்னா சொல்லுங்க” என்றேன். பேரம்தான். ஒரு குருவியை வைத்து மனுஷன் உயிருக்குப் பேரம் பேசினேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நான் முழுசாக நம்பவில்லை.

வெள்ளி, சனி முழுக்க அடுக்களையில் எனக்குப் பாடம். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து ஒத்தையின் பதிவு, பிறகு ரெட்டையின் பதிவு, மாற்றி மாற்றிப் போட்டேன். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. சோப்பு ஒரு தடவை, சோப்பு இரண்டு தடவை, அவ்வளவுதான். ஒத்தை கேட்டால் அவர் மணிக்கட்டை ஒரு தடவை அமுக்க வேண்டும், ரெட்டை கேட்டால் இரண்டு தடவை. அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருப்பார். நாய் குரைத்ததும் “முடிஞ்சுது, மறுபடி போடு” என்பார். பாவம், சரியாகத்தான் கூடவே வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை டிப்போவுக்குப் போனோம். பின்பக்கம் டயரும் துருவுமாகக் கிடந்தது. சக்கரம் இல்லாத பஸ்கள் வரிசையாக நின்றன, அதற்கு மேல் அந்த மரம். குழுவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். டைம் கீப்பரம்மா அன்றைக்கு லீவு போட்டும் யூனிபார்மில் வந்திருந்தார். ஓடி வந்து என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லைங்க. தப்பா இருந்தா சிரிப்பாங்க. ஆனா ரெட்டைதான்னு மனசு சொல்லுது” என்றார்.

“சிரிச்சா சிரிக்கட்டும்” என்றேன்.

இவர் முன்னால் போய் நின்றார். நான் ஒட்டி நின்று, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “காதண்ணனுக்கு இந்த வயசுல காதல பாருங்க” என்று பின்னால் யாரோ கிண்டல் செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அமைதியானது. மரத்தில் இலை அசைந்தது. பச்சையாக ஏதோ ஒன்று தாவியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. டிப்போவின் முன்பக்கம் ஒரு பஸ் கிளம்பிப் போனது. நான் தப்பாக அமுக்கினால்? இருமல் வந்துவிட்டால்? அந்தக் குருவி ஒன்றரையாகக் கத்திவைத்தால் என்ன செய்வது?

அப்போது கேட்டது. பழைய பஸ்களுக்கு அந்தப் பக்கம், தெளிவாக, ‘ட்சி-விட்’.

இரண்டு தடவை அமுக்கினேன்.

இன்னொரு முறை, ‘ட்சி-விட்’. மறுபடி இரண்டு. இவர் கையை உயர்த்தினார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய கம்பீரக் குரலில், “ரெட்டைதான். உறுதி” என்றார்.

ஹோவென்று ஒரு சத்தம். டைம் கீப்பரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யார் யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டே அந்தம்மா, காதண்ணன் உறுதி சொல்லிவிட்டார் என்று குழுவில் செய்தியைத் தட்டிவிட்டார். மூன்றாவது ‘ட்சி-விட்’ அந்த ஆரவாரத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அதன் பின்னால் ஒரு நாய் குரைத்தது.

டிப்போவில் நாய் இருக்காதா என்ன? இருக்கும். ஆனால் அந்த நாயை நான் இரண்டு நாளாக அடுக்களையில் வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதே குரைப்பு, அதே இடத்தில். எனக்குத் திக்கென்றது. அந்த நொடியில் என் பிடிக்குள் இருந்த அவர் கையும் வெடுக்கென்று துள்ளியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது.

பஸ்களுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டர் வந்தார், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே, திருட்டு முழியோடு.

“காதண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது வாயே தொறக்கல. பொறுமை இல்லாம உங்க பதிவ ஒரே ஒரு தடவை போட்டேன். பதில் குடுத்துச்சா? ஏன் எல்லாரும் கத்துனீங்க?”

ஒவ்வொரு முகமாக அணைந்தது. டைம் கீப்பரம்மாவின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கிளம்பிட்டோம், இதோ வர்றோம், வண்டி எடுத்தாச்சு என்று செய்திகள்.

யாரும் என் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பல் டாக்டரே வழியும் திறந்துவிட்டார். “அப்ப அண்ணன் கேட்டது நிஜமான ரெட்டையாத்தான் இருக்கும். அவர் எடுத்த பதிவு அவருக்கே தெரியாதா? நான் போட்டதக் கேட்டு அது பதில் குடுத்திருக்கும்” என்றார். “அதானே!” என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அவர் சொன்னால் போதும். ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் ரெட்டையும் உறுதி, காதும் உறுதி. திங்கட்கிழமை டாக்டருக்கு ஒரு சாக்கு, செவ்வாய்க்கிழமை கூண்டு மேல்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. அவர் கையை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றேன். ஒத்தையும் இல்லை, ரெட்டையும் இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்று நின்றேன்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். நான் பிடித்திருந்த இடம் சிவந்திருந்தது.

“இல்ல” என்றார். “எனக்கு ஒண்ணுமே கேக்கல.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“என் பதிவுல எனக்குக் கேக்குறது அந்த நாய் மட்டும்தான். ரெண்டு வருஷமா சின்னக் குருவி எதுவும் கேக்குறதில்ல. இவதான் கேட்டா, கையப் பிடிச்சு எனக்குச் சொன்னா. தப்பு இவளோடது இல்ல.” பிறகு டைம் கீப்பரம்மா பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க சந்தோஷத்துல நான் மண்ணப் போட்டுட்டேன்.”

அவர் தன் போனை எடுத்தார், அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தார், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘உறுதி இல்லை. யாரும் கிளம்ப வேண்டாம். தவறு என்னுடையது. எனக்குக் காது கேட்பதில்லை. கடந்த இரண்டு வருஷத்தில் நான் உறுதி சொன்ன சின்னக் குருவிகள் எல்லாவற்றையும் நீக்கிவிடவும்.’ அனுப்பிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது, எது முந்தியது என்று தெரியவில்லை.

கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்தது. வராதவர்களிடமிருந்து குழுவில் காட்டமான கேள்விகள் வர ஆரம்பித்தன. அவர் ஒவ்வொன்றையும் படித்தார். கூட்டத்தின் பேச்சுச் சத்தம் அடங்கிய பிறகுதான் மரத்திலிருந்து அந்தக் குருவி வாயைத் திறந்தது.

டைம் கீப்பரம்மா என் பக்கம் பாய்ந்து வந்தார். “கேட்டுச்சா? எனக்கு பஸ் சத்தத்துல சரியா விழல. நீங்க சொல்லுங்க, என்ன அது?”

எனக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது, அவ்வளவு ஆசையாகப் பார்த்தார். மறுபடி கத்தட்டும் என்று காத்திருந்தேன். கத்தியது. ‘ட்சிக்.’ கொஞ்சம் விட்டு, ‘ட்சிக்.’

“ஒத்தைங்க” என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். யூனிபார்ம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “போகட்டும். காக்காவுக்கு மேல ஒரு படி ஏறியாச்சு” என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணே, எந்திரிங்க, டீ குடிக்கலாம்” என்றார். அவர் சொன்னது இவருக்குக் கேட்டது.

திங்கட்கிழமை அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையிலேயே கம்பெனிக்குப் போன் செய்து, காது விஷயத்தைச் சொல்லி, இனிமேல் கூண்டு மேல் ஏறுகிற வேலைக்குக் கூட்டாளியோடு வேறு ஆளைப் போடச் சொன்னார். கூட்டாளி என்னைக் கூப்பிட்டு, “அண்ணி, இப்பதான் எனக்கு உடம்பு நடுங்குது” என்றார். எனக்கு நடுக்கம் நின்று, பசித்தது.

காது பார்க்கிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே இவரை உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் பரிசோதனை செய்கிற பெண். “சத்தம் கேட்டா அமுக்குங்க சார். எவ்வளவு மெதுவா கேட்டாலும் அமுக்கணும்.” வெளியே அவள் மேஜையில் ஒரு சின்ன விளக்கு. அவர் அமுக்கினால் அது எரியும். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் விளக்கு டக் டக்கென்று எரிந்தது. கனத்த சத்தங்களாக இருக்கும். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. அவள் ஒரு குமிழைத் திருகினாள், விசையைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. மறுபடி திருகினாள், தட்டினாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டித் தட்டினாள். எரியவில்லை. எனக்கு உள்ளே நடக்கிற சத்தம் எதுவும் கேட்காது, அவள் விரல் மட்டும்தான் தெரியும். அவள் தட்டும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாக என் மணிக்கட்டையே அமுக்கிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு அந்தக் குட்டைக் கரையில் நின்ற அதே மாதிரி. முகத்தில் அவ்வளவு கவனம், அவ்வளவு பொறுமை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஹெட்போன் மாட்டியிருப்பதால் சத்தமாக, கண்ணாடி வழியாகவே கேட்டார்.

“அடுத்த சத்தம் இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆரம்பித்து வெகு நேரமாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல, நான்தான் எழுந்து உள்ளே போனேன்.